நின்ற வண்டியா, நிறுத்திய வண்டியா?

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், ஒரு மர இழைப்பகத்துக்கும் டீக்கடைக்கும் நடுவே தகரக் கொட்டகை போட்ட மெக்கானிக் ஷாப் ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும் புல்லட் ஃபிளைவீல்தான் அடையாளம். உள்ளே இருப்பவரை ஊரில் எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது 58. இந்தத் தொழிலுக்கு வந்து 42 வருடம் ஆகிறது.

பல வருடம் கிடப்பில் கிடந்த வண்டிகளை எழுப்புவதில் அவருக்குப் பெயர் உண்டு. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, அரியலூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவார்கள். இறங்கியதும் அவர் வண்டியைத் தொட மாட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"ஓடாம நின்ன வண்டியா, ஓடுனத நீங்க நிறுத்துன வண்டியா?"

பெரும்பாலானவர்களுக்கு இது விளங்காது. "சும்மா நின்னுக்கிட்டு இருந்துச்சுங்க" என்பார்கள். அவர் விட மாட்டார். எந்த மாதம் நிறுத்தினீர்கள், கடைசியாக ஓட்டியது யார், எங்கே போய் வந்தது, வந்து நிறுத்தும்போது என்ன சத்தம் கேட்டது என்று, மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர் மாதிரி குடைவார். நன்றாக ஓடுகிற வண்டியை யாரும் பத்து வருடம் தொடாமல் வைத்திருக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் வண்டிக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கும். துருவைச் சுரண்டி, டேங்கைக் கழுவி, புதுப் பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டால், பழைய நோயோடு வண்டி எழுந்து நிற்கும்.

வெளிநாடு போன ஒருவரின் ஆர்எக்ஸ் 100 இதற்கு நேர் எதிரான உதாரணம். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை தயாரித்த 98 சிசி யமஹா அது. துபாய்க்குப் போகும் முதல் நாள் இரவு வரை ஓட்டி, டேங்க் நிறையப் பெட்ரோலோடு மாட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். இது 'நிறுத்திய வண்டி'. இதில் பழைய நோயைத் தேட வேண்டியதில்லை. நின்றதால் வந்த நோயை மட்டும் பார்த்தால் போதும். டூ ஸ்ட்ரோக் என்றால் அது எங்கே இருக்கும் என்பதும் தெரிந்ததே: கிராங்கின் இரண்டு பக்கமும் உள்ள ஆயில் சீல். நின்று காய்ந்தால் ரப்பர் கட்டையாகிவிடும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து எரித்து வெள்ளைப் புகையாகக் கக்கும். மேக்னெட் பக்க சீல் போனால் காற்றை இழுத்து, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இரைந்துகொண்டே இருக்கும். இரண்டையும் மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், பெட்ரோலை மாற்றினார். மூன்றே நாளில் அனுப்பிவிட்டார்.

ஆனால் போன கார்த்திகையில் வந்த புல்லட் அப்படி இல்லை.

அது 1984ஆம் ஆண்டு வண்டி. 350 சிசி, வார்ப்பிரும்பு என்ஜின், வலது கால் கியர், 6 வோல்ட் கரண்ட். நம்பர் தகடு இன்னும் பழைய கருப்புத் தகடுதான், வெள்ளை எழுத்து. திருப்பனந்தாள் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்திருந்தது. ஓட்டியவர் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கிராமத்தில் அவருக்குப் பெயர் மாட்டு டாக்டர். இருபத்தைந்து வருடம் அந்த வண்டியில்தான் ஊசி மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொள்ளிடக் கரை ஊர்களுக்கெல்லாம் போய் வந்திருக்கிறார். 2011இல் நிறுத்தியது. பதினான்கு வருடம். இப்போது பேத்தி பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்குத்தான் வண்டி வேண்டுமாம். தாத்தாவையும் கையோடு அழைத்து வந்திருந்தாள்.

மேஸ்திரி வழக்கமான கேள்வியைக் கேட்டார். பெரியவர் பதில் சொல்லவில்லை. வலது கணுக்காலைக் காட்டினார். உள்பக்கம் ஒரு நீளத் தழும்பு.

"உதைச்சேன். திருப்பி உதைச்சிருச்சு. பிளேட் வச்சாங்க."

"அன்னிக்குத்தான் முதல் தடவையா, டாக்டரய்யா?"

"இல்ல, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அப்பப்ப தூக்கி அடிக்கும். ஒருத்தர்கிட்ட காட்டினேன். டைமிங்னு சொல்லி ஏதோ பண்ணாரு. அப்புறம் அடிக்கல, ஆனா வண்டி இழுக்கல. பாலத்துல ஏறவே திணறும். இன்னொருத்தர் சரி பண்ணித் தர்றேன்னாரு. இழுத்துச்சு. அடுத்த வாரமே கால் போச்சு."

மேஸ்திரி நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். பேத்தி எட்டிப் பார்த்தாள். 'திரும்ப அடி – அட்வான்ஸ்' என்று மட்டும் இருந்தது.

அன்றைக்கு அவர் செய்தது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியது மட்டும்தான். அதற்கு முன்பு பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணைக் காற்றடித்து ஊதிவிட்டார். கழற்றும்போது அது உள்ளே விழுந்தால் வேறு வினையே வேண்டாம். பேத்திக்கு ஏமாற்றம். அவள் எத்தனையோ வீடியோ பார்த்திருக்கிறாள். எல்லாவற்றிலும் பழைய வண்டியை இழுத்து வந்து, நாலு உதை உதைத்ததும் புகை கக்கிக்கொண்டு கிளம்பும்.

"ஒரு தடவ உதைச்சுப் பாக்கலாமே மாமா. ஜாமா இல்லையான்னு தெரிஞ்சிடும்ல?"

"உதைச்சா தெரியும் பாப்பா. ஆனா அதுக்குள்ள ஏதாவது ஒடஞ்சிருக்கும்."

இதை அவர் சும்மா சொல்லவில்லை. 1983இல், பதினாறு வயதில், தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் தொழில் கற்றுக்கொள்ளச் சேர்ந்தவர் அவர். சேர்ந்த நாலாவது மாதம் ஒரு தேங்காய் மண்டிக்காரரின் புல்லட் வந்தது. ஆறு வருடம் கிடந்த வண்டி. குரு சாப்பிடப் போன நேரம் பார்த்து, தன் வீரத்தைக் காட்ட ஏறி நின்று ஓங்கி ஒரு உதை விட்டார். 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எக்ஸாஸ்ட் வால்வு மூடிய நிலையிலேயே கைடுக்குள் துருப்பிடித்து இறுகியிருந்திருக்கிறது. கேம் கீழிருந்து தள்ள, வால்வு அசைய மறுக்க, நடுவில் மாட்டிய புஷ்ராடு வில்லாக வளைந்துவிட்டது. குரு அடிக்கவில்லை. வளைந்த புஷ்ராடையும் ஒரு நல்ல புஷ்ராடையும் கொடுத்து, ஜன்னல் கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்து, சாயங்காலம் வரை அதில் உருட்டச் சொன்னார். நல்லது ஓசையில்லாமல் உருளும். வளைந்தது தடக் தடக் என்று குதிக்கும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்கிறார்.

பதினான்கு வருடம் செய்யாத சேதத்தை, எழுப்புகிறேன் என்று கிளம்பும் முதல் அரை மணி நேரம் செய்துவிடும். கொரோனா சமயத்தில் இதை அவர் மொத்தமாகப் பார்த்தார். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கி, கடைகள் மெல்லத் திறந்தபோது வாசலில் வண்டிகள் வரிசை கட்டின. இரண்டே மாதம் நின்றவைதான். பேட்டரி இறங்கியது, ஜெட் அடைத்தது என்று வந்தவை சுலபமாகப் போய்விட்டன. செல்ஃப் எடுக்கவில்லை என்று காரிலிருந்து ஒயர் போட்டு இழுத்து யூனிட்டைப் புகைத்தவை, தள்ளியே ஸ்டார்ட் செய்கிறேன் என்று தெருவெல்லாம் ஓடிச் செயினை அறுத்தவை, இவற்றுக்குத்தான் செலவு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோதும் இதே கதை. தண்ணீரில் முழுகிய வண்டியை ஆயிலை வடிக்காமல் உதைத்தவர்களின் என்ஜினில் தேங்காய்ப்பால் மாதிரி ஆயில் வந்தது.

மறுநாள் புல்லட்டை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நாலாவது கியரில் போட்டு, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அசைத்தார். உதைப்பதற்குப் பதில் இதுதான் அவர் முறை. மேல் கியரில் சக்கரத்தைச் சுற்றினால் என்ஜினும் சேர்ந்து சுற்ற வேண்டும்; எங்கே இடிக்கிறது என்று கைக்குத் தெரியும். காலுக்கு அந்த அறிவு கிடையாது. சக்கரம் அசையவில்லை. ரிங் போரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

டீசலும் பழைய என்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து, பிளக் துளை வழியாக ஒரு டம்ளர் ஊற்றினார். துளையைத் துணியால் அடைத்தார். அவ்வளவுதான், போய் வேறு வேலை பார்த்தார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அழுத்திப் பார்ப்பார். பலத்தைக் காட்டுவதில்லை. வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் டீசல். நான்காம் நாள் மாலை, மாவு ஆட்டும் கல் அசைவது போல 'கர்' என்று ஒரு விரல் அகலம் நகர்ந்தது. கடைப் பையன் கைதட்டினான். மேஸ்திரி அதற்கு மேல் சுற்றவில்லை. இன்னும் ஒரு இரவு ஊறட்டும் என்று விட்டுவிட்டார். அடுத்த நாள் முழுச் சுற்று வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. கிளட்ச் பிளேட்டும் ஒட்டிக்கிடந்தது. சாதாரணமாக அது தலைவலி. புல்லட்டில் கிக்கர் கியர்பாக்ஸ் வழியாகத்தான் என்ஜினைச் சுற்றும். ஆகவே கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை அழுத்தினால் அது லேசாகக் கீழே போக வேண்டும். பிடித்தும் என்ஜின் சேர்ந்து சுற்றினால் பிளேட் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அது தெரியாமல் ஸ்டார்ட் செய்து முதல் கியர் போட்டவர் எதிர்ச் சுவரில்தான் போய் நிற்பார். ஆனால் சக்கரத்தைப் பிடித்து ஜாமை எடுக்கும்போது ஒட்டிய கிளட்ச் நழுவாது, கை பலம் முழுவதும் பிஸ்டனுக்குப் போய்ச் சேரும். "ஒரு வியாதி இன்னொரு வியாதிக்கு மருந்து" என்று சிரித்தார். பிறகு மூடியைத் திறந்து பிளேட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எமரித் தாளில் தேய்த்து மாட்டினார்.

வால்வு இரண்டும் அசைகிறதா என்று பார்த்த பிறகு டாப்பெட். இந்தப் பழைய என்ஜினில் ஃபீலர் கேஜுக்கு வேலையே இல்லை. என்ஜின் ஆறியிருக்கும்போது, இரண்டு வால்வும் மூடிய நிலையில், வலப்பக்கச் சின்ன மூடியைத் திறந்தால் புஷ்ராடின் அடிப்பாகம் தெரியும். விரலால் திருகினால் சுற்ற வேண்டும்; மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. பேத்தியை அழைத்துத் திருகச் சொன்னார். "எவ்வளவு மில்லிமீட்டர் மாமா?" என்றாள். "ஒன்னுமில்ல" என்றார். அவள் நம்பாமல் பார்த்தாள். உண்மையாகவே அளவு பூஜ்யம்தான்.

வண்டியை நிறுத்தியவர் நல்ல மனதோடு நாலு சாக்கைப் போட்டு மூடியிருந்தார். சாக்குதான் எமன் என்பது மேஸ்திரியின் கட்சி. கோணிச்சாக்கு மழைக்காலத்து ஈரத்தைக் குடித்து, வெயில் வந்த பிறகும் வாரக்கணக்கில் வண்டி மேலேயே வைத்துக்கொண்டிருக்கும். தார்ப்பாயைச் சுற்றிக் கட்டுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள், உள்ளே வியர்க்கும். பழைய பருத்தி வேட்டியோ போர்வையோ மேலே போட்டு, கீழே காற்று போகும்படி விட்டால் போதும். நாகப்பட்டினம் கடற்கரை வண்டிகளை எடுத்தவுடனே சொல்லிவிடுவார்: ஸ்போக்ஸும் ரிம்மும் ஒன்றாகச் செதில் கட்டியிருக்கும். உள்நாட்டு வண்டிக்கு எலியும் குளவியும். இந்த வண்டியில் இரண்டும் இருந்தன. ஏர் ஃபில்டர் டப்பாவில் வைக்கோலும் நெல் உமியும் வைத்து ஒரு பிரசவ வார்டே நடந்திருந்தது. சைலன்சர் வாயில் குளவி மண் பூசியிருந்தது. ஹெட்லைட்டுக்குள் ஒயர்களின் மேல்தோலை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு, தாமிரத்தை எலி மரியாதையாக விட்டுவைத்திருந்தது.

டேங்க் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் கடை வாசனை. பெட்ரோல் பழையதானால் லேசான பகுதி ஆவியாகிப் பறந்துவிடும், மிஞ்சுவது பிசின். அதுதான் கார்புரேட்டரின் பைலட் ஜெட்டில் போய் உட்கார்ந்து அடைக்கும். ஊசித் துளையை விடச் சின்ன துளை அது. கையில் அகப்பட்ட இரும்புக் கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு வண்டி ஜென்மத்துக்கும் சரியாக ஐடிலில் நிற்காது. பித்தளையை விட மிருதுவான ஒன்றாக இருக்க வேண்டும். மேஸ்திரி ஒயர் துண்டை உரித்து, அதிலிருந்து ஒற்றைத் தாமிர இழையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நுழைத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வாயைத் திறந்தபடி. பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. துளைக்கு அந்தப் பக்கம் ஒரு மயிர் வெளிச்சம் தெரிந்ததும் ஜெட்டைப் பேத்தியிடம் நீட்டி, "நிலா தெரியுதா?" என்றார்.

டேங்க் துருவுக்கு அவர் வைத்தியம் புளி. ஊரில் பலர் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். அது துருவையும் தின்னும், தகரத்தையும் தின்னும். கழுவி முடித்து ஒரு மணி நேரத்தில் மறுபடி மஞ்சளாகத் துரு பூக்கும். பித்தளைக் குடத்தைத் துலக்குகிற புளிக்கு அந்தக் கோபம் இல்லை. ஒரு கிலோ பழம்புளியைக் கரைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டி டேங்க் நிறைய ஊற்றி, இரண்டு நாள். நடுநடுவே ஒரு பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்குவார். பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் காய வைத்து, கொஞ்சம் டூடி ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றி விட்டுவிடுவார். பொத்தல் விழுந்த டேங்குக்கு இது ஆகாது. அதற்குப் பற்றவைக்கும் ஆள் வேண்டும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டி நின்றபோது இருந்த பெட்ரோல் வேறு, இப்போது பங்கில் கிடைப்பது வேறு. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவில் அறிமுகமானது. இன்று ஊரெங்கும் அதுதான். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். பெட்ரோலை டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு எடுக்கிற இடமும் அந்த அடிதான். பழைய ரப்பர் டியூபும் இதில் ஊறிப் பொதுபொதுத்துவிடும். அதனால் இப்படிப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மேஸ்திரி சொல்வது இதுதான்: ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து வண்டி தானாக அணையும் வரை ஓட விடுங்கள்.

டயர் நல்ல பட்டன் பட்டனாக இருந்தது. "இதையே வச்சுக்கலாமா?" என்று பெரியவர் கேட்டார். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருந்தது: 2209. 2009ஆம் வருடத்தின் 22ஆவது வாரம் செய்த டயர். மடித்துப் பார்த்தால் ஓரத்தில் பொடிப்பொடியாக வெடிப்பு. இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டார். பிரேக் ஷூவும் அப்படித்தான்: பார்க்கப் புதிது, லைனிங் தகடை விட்டுப் பிரிந்து கையோடு வந்தது. எழுப்பும்போது எல்லோரும் ஓட்டுவதைப் பற்றியே யோசிக்கிறார்கள், நிறுத்துவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது அவருடைய மனக்குறை.

ஆயில் விஷயத்தில் இந்த என்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. ஆயிலின் இருப்பிடம் தனி அறை. கிராங்க் சுற்றும் அறை வேறு. நீண்ட நாள் நின்றால் பம்ப்பைத் தாண்டிக் கசிந்து ஆயில் முழுதும் கிராங்க் அறையில் இறங்கிவிடும். மேலே மூடியைத் திறந்து பார்க்கிறவர் ஆயில் இல்லையே என்று இன்னும் ஊற்றுவார். பிறகு ஸ்டார்ட் ஆனதும் எங்கெல்லாம் வழி இருக்கிறதோ அங்கெல்லாம் பீச்சும். கிராங்க் அறையின் வடிகால் நட்டைக் கழற்றியபோது ஒரு லிட்டருக்கு மேல் கருப்பாக இறங்கியது. புது 20டபிள்யூ50 ஊற்றி, பிளக் இல்லாமலே கிக்கரை நிதானமாக ஐம்பது அறுபது முறை அழுத்தினான் பையன். ராக்கருக்குப் போகும் குழாய் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு சொட்டு ஆயில் முத்தாகத் திரண்டு வழிந்த பிறகுதான் போல்ட்டை இறுக்கினார்.

இவ்வளவும் நின்றதால் வந்தது. நின்றதற்கான காரணம் இன்னும் பாக்கி.

பத்தாம் நாள் பெரியவரையும் பேத்தியையும் வரச் சொல்லியிருந்தார். அவர்கள் எதிரிலேயே பாயிண்ட் மூடியைக் கழற்றினார். பாயிண்ட் முனைகளில் பச்சையும் கருப்புமாகப் பூத்திருந்தது. அதைத் தேய்த்து 0.35 மில்லிமீட்டர் இடைவெளி வைப்பது எல்லோரும் செய்கிற வேலை. அதோடு நிறுத்திவிடுவார்கள். மேஸ்திரி பாயிண்ட் தட்டையே கழற்றி வெளியே எடுத்தார். அதன் அடியில் இரண்டு சிறிய எடைக்கற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய ஸ்பிரிங். வண்டி மெதுவாகச் சுற்றும்போது ஸ்பிரிங் எடைகளை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். பொறி தாமதமாக, பிஸ்டன் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்த பிறகு விழும். வேகம் கூடக்கூட எடைகள் விரிந்து பொறியை முன்கூட்டியே விழ வைக்கும்; இதற்குப் பெயர்தான் அட்வான்ஸ். உதைக்கும்போது தாமதம் வேண்டும், ஓடும்போது முன்கூட்டி வேண்டும். இரண்டையும் அந்தக் கைக்கடிகார அளவுப் பொருள் பார்த்துக்கொள்கிறது.

ஒரு ஸ்பிரிங் அறுந்திருந்தது. எடைகள் இரண்டும் விரிந்த நிலையிலேயே துருவேறி ஒட்டியிருந்தன.

அவர் திருப்புளி முனையால் எடையைத் தள்ளிக் காட்டினார். அது உள்ளே வரவில்லை. "இதான் உங்க காலை ஒடைச்சது" என்றார். எடை விரிந்தே நின்றால், மெல்ல உதைக்கும்போதும் பொறி முன்கூட்டியே விழும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடித்து அதைக் கீழே தள்ளும். கிக்கர் திரும்பி வந்து காலை அடிக்கும். முதலில் பார்த்தவர் மொத்த டைமிங்கையும் பின்னால் தள்ளி வைத்தார்; அடி நின்றது, இழுவை போயிற்று. அடுத்தவர் முன்னால் கொண்டுவந்தார். இழுவை வந்தது, அடியும் வந்தது. இரண்டு பேரும் தட்டின் மேல்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். தட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பெரியவர் வெகுநேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாட்டுக்கு வயிறு உப்பினா நாங்க தழைய மட்டும் பாக்கறதில்ல, வாய்க்குள்ள கைய விட்டுப் பாப்போம்" என்றார். யாரைத் திட்டினார் என்று சொல்லவில்லை.

எடைகளைப் பிரித்துத் துருவைத் தேய்த்து, சொட்டு எண்ணெய் விட்டு, புது ஸ்பிரிங் இரண்டு மாட்டினார். விரலால் விரித்து விட்டால் 'டிக்' என்று தானே மூடிக்கொண்டது. பிறகு டைமிங் வைத்து, பேட்டரி மாட்டி, பெட்ரோல் ஊற்றினார்கள்.

உதைக்கப் போவது யார் என்பதில் சின்னப் பேச்சுவார்த்தை நடந்தது. பெரியவர் கால் கேட்காது. மேஸ்திரி பேத்தியைக் கூப்பிட்டார். சாவியைப் போட்டதும் ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்ப் மீட்டர் முள் இடப்பக்கம் சாய்ந்தது. "அந்த முள்ளையே பாரு. கிக்கர மெல்ல அழுத்து. முள்ளு நடுவுக்கு வந்து நிக்கிற இடம் வரும்." பாயிண்ட் திறக்கிற கணத்தில் கரண்ட் நின்று முள் நடுவுக்கு வரும், அப்போது பிஸ்டன் உச்சிப் பக்கம் இருக்கிறது என்று பொருள். "வந்துச்சா? இப்ப டி-கம்ப்ரஷன் லிவரப் பிடி. ஒரு அங்குலம் தள்ளு. விடு. கிக்கர மேல வர விடு. இப்ப முழு உதை, பாதியில காலை எடுக்காத."

முதல் உதைக்கு ஒன்றுமில்லை. மூன்றாவதற்கு சைலன்சரில் ஒரு தும்மல், உள்ளே மிச்சமிருந்த குளவிக்கூட்டு மண் பறந்து டீக்கடை பெஞ்சில் விழுந்தது. ஆறாவது உதையில் பிடித்தது. போரில் ஊறியிருந்த டீசலும் ஆயிலும் எரிந்து கொட்டகை முழுக்க நீலப்புகை. டீக்கடைக்காரர் பால் சட்டியை மூடிக்கொண்டு கத்தினார். கிக்கர் ஒரு தடவைகூடத் திருப்பி அடிக்கவில்லை. பெரியவர் தழும்புக் காலைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றிருந்தார். அது பழைய பயம்.

பத்து நிமிடம் ஓடிய பிறகு அணைத்து, சூட்டோடு ஆயிலை மறுபடி வடித்தார்கள். சாலையில் ஏற்ற விடவில்லை. ஆர்சி 2014இலேயே காலாவதி. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்கு 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 2,000 ரூபாய். வண்டியை ஆர்டிஓ அலுவலகத்துக்குக் குட்டி யானையிலேயே கொண்டுபோகச் சொன்னார். போவதற்கு முன் என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இருக்கும் இடங்களில் துருவை மண்ணெண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண் தெளிவாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டார். உப்புத்தாளால் தேய்த்தால் எண் மழுங்கும். மழுங்கிய எண்ணைப் பார்த்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். அப்படி ஒரு வண்டிக்கு எட்டு மாதம் அலைந்தவர்களை அவருக்குத் தெரியும்.

பில்லை அவர் பள்ளிக்கூட நோட்டில் கிழித்துத்தான் எழுதுவார். டயர் டியூப் இரண்டு செட், 6 வோல்ட் பேட்டரி, பிரேக் ஷூ, ஒயரிங், ஆயில், கேபிள்கள், ரப்பர் டியூப், புளி, கூலி என்று பதினேழு வரி. மொத்தம் 19,340 ரூபாய். கடைசிக்கு முந்தைய வரியில் 'அட்வான்ஸ் ஸ்பிரிங் – 2' என்று இருந்தது. எதிரே 60 ரூபாய்.